மருத்துவமேதை சுப்பாராவ்

பிறந்த ஊரைப் பிரிந்து வாழும் நாம், ஊர் திரும்பாமலே உலகுக்கு உழைத்து மறைந்த ஒருவரை இவ்விழா மலரில் நினைவுகூர்வது பொருத்தமாகும். அவர்தாம் யெல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில், 1895 ஜனவரி 12ஆம் நாள், எளிய தெலுங்குக் குடும்பத்தில் அவர் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறியவர், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று மூன்றாம் முறை தேறினார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியது பேராசிரியர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கைநழுவி, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிட்டிற்று. உடன்பிறந்தார் இருவரை 'ஸ்ப்ரு' என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

1923இல் இல்லாளை ஊரில் விட்டு அமெரிக்கா சென்றார். இரவில் மருத்துவமனையில் ஏவலராக உழைத்துக்கொண்டே ஹார்வர்டில் பயின்றார். 1925இல் பிஸ்கேயுடன் இரத்தத்திலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை வகுத்தார். 1940இல் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தார்.

இரத்த அணுக்கள் எலும்பின் மஜ்ஜையில் விளைகின்றன. அவ்விளைவுக்கு ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்து இன்றியமையாதது. அது குன்றினால் சோகை பற்றும். 1945இல் சுப்பாராவின் குழுவினர் அதனை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கினர். ஸ்ப்ரு நோயாளருக்கும் அது நலம் தந்தது. உடன்பிறந்தாருக்குத்தான் காலம் கடந்துவிட்டது.

இரத்தப் புற்றுநோயிலோ, அதே சத்தை உண்டு தீய அணுக்கள் பெருகுகின்றன. ஆகவே அச்சத்தைப் போன்ற உருவமுடையதாய், அதன் வேலையைத் தடுக்கும் அமினாப்டெரின் என்னும் மருந்தை அக்குழுவினர் ஆக்கினர். பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி பார்பர் அதனை 16 குழந்தைகளுக்கு அளித்தார். பத்துக் குழந்தைகள் தேறினர். அத்தேற்றம் சில திங்களே நிலைத்தது. ஆயினும் மருந்தால் இந்நோயை அடக்கலாம் என்பதை உலகம் 1948 ஜூனில் அறிந்தது. இரண்டு மாதங்களில், தம் 53ஆம் வயதில், சுப்பாராவ் நியூயார்க்கில் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். இல்லாளை அவர் மீண்டும் காணவே இல்லை.

அம்மருந்தின் உடன்பிறப்பே மெத்தோட்ரெக்ஸேட். பிற்காலத்தில் மஜ்ஜை மாற்று மருத்துவம் தோன்றியபோது, ஒருவர் ஈந்த மஜ்ஜையின் அணுக்கள் ஏற்றவர் உடலையே தாக்கும் இடர் எழுந்தது. அதனை அடக்கச் சிறிதளவு மெத்தோட்ரெக்ஸேட் பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது. நம் நாட்டில் இம்மருத்துவம் 1983இல் பம்பாய் டாட்டா மருத்துவமனையிலும், 1986இல் வேலூரிலும் தொடங்கியது.

நம் இல்லத்துக் கருவுற்ற பெண்டிர் நாள்தோறும் ஃபோலிக் அமில மாத்திரை உண்கின்றனர். அதன்பின் சுப்பாராவின் உழைப்பு உண்டென்று நம் சிறார்க்கு எடுத்துச் சொல்வோமாக.