முகம்மது மகாபத் கான் III

முகம்மது மகாபத் கான் III (ஆகஸ்ட் 2, 1900 - நவம்பர் 7, 1959) இன்றைய குஜராத் மாநிலத்தின் சௌராட்டிரப் பகுதியில் அமைந்திருந்த ஜூனாகத் சமஸ்தானத்தின் கடைசி நவாப் ஆவார். 1947 இல் தமது சமஸ்தானத்தைப் பாகிஸ்தானுடன் இணைத்தவர் என்றே வரலாற்று நூல்களில் இவர் பெரிதும் குறிப்பிடப்படுகிறார். எனினும், இந்தியாவில் சிங்கங்களின் கடைசிப் புகலிடமான கிர் காட்டில் வேட்டையைக் கட்டுப்படுத்தி, அவ்வினம் அழியாமல் காத்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இளமைக்காலம்

இவர் பாபி மரபைச் சேர்ந்த நவாப் இரசூல் கானின் மகன். அஜ்மீரில் உள்ள மேயோ கல்லூரியில் கல்வி பயின்றார். 1911 இல் தந்தை இறந்தபோது இவருக்கு வயது பத்து. ஆகவே பிரித்தானிய அதிகாரிகளே நிருவாகத்தை நடத்தினர். 1920 இல் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

கிர் சிங்கங்கள்

ஒரு காலத்தில் வட இந்தியா முழுவதும் திரிந்த சிங்கங்கள், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிர் காட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மட்டுமே எஞ்சியிருந்தன. 1899-1900 ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம் நிலைமையை மேலும் மோசமாக்கியது. இரசூல் கான் தொடங்கிய பாதுகாப்பை மகாபத் கான் தொடர்ந்தார். விருந்தினருக்கு மட்டும் அளவோடு அனுமதி அளித்து, பொதுவான வேட்டையைத் தடுத்தார்.

இத்தடையின் பயனை அறியச் சிங்கத்தின் இனப்பெருக்கத்தை அறிதல் வேண்டும். பெண் சிங்கத்தின் கருக்காலம் சுமார் 110 நாட்கள். ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகள் பிறக்கும். கண் திறவாத குட்டிகளைத் தாய் புதர்களில் மறைத்து, அடிக்கடி இடம் மாற்றும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பின்னரே அவற்றைக் கூட்டத்திடம் அழைத்து வரும். பால் மறந்த பின்னும் குட்டிகள் ஏறத்தாழ இரண்டு வயது வரை தாயைச் சார்ந்தே வாழும். அதுவரை தாய் பொதுவாக மீண்டும் ஈனுவதில்லை. கிர் காட்டில் ஆண் சிங்கங்கள் இனச்சேர்க்கைக்கும் பெரிய இரைக்கும் மட்டுமே பெண் சிங்கங்களுடன் சேர்வதால், வளர்ப்பு முழுவதும் தாய்மாரின் பொறுப்பே. எனவே தாய் சுடப்பட்டால் பால்குடிக் குட்டிகளும் மடியும்.

1913 இல் ஒரு வன அலுவலர், சிங்கங்கள் இருபதுக்கு மேல் இல்லை என அறிக்கை அளித்தார். 1936 கணக்கெடுப்பிலோ 287 எனப் பதிவாயிற்று. இவ்விரண்டும் சரியானால் சிங்கங்கள் சுமார் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டித்திருக்க வேண்டும். முழுப் பாதுகாப்பு உள்ள அண்மைக் காலத்தில்கூட, 2015 இல் 523 ஆக இருந்த எண்ணிக்கை பத்து ஆண்டுகளில் 891 ஆகத்தான் உயர்ந்தது. வேட்டைக்கு வருவோரைத் தவிர்க்கவே முன்பு எண்ணிக்கை குறைத்துக் கூறப்பட்டது என்ற கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. எவ்வாறாயினும், இவரது ஆட்சியில் சிங்கங்கள் பெருகின என்பதில் ஐயமில்லை.

நாய்கள் மீதும் இவருக்கு அளவற்ற பற்று இருந்தது. நூற்றுக்கணக்கான நாய்களை வளர்த்தார். ரோஷனாரா என்ற நாய்க்குத் திருமணமே நடத்தினார்.

இறுதிக்காலம்

1947 ஆகஸ்டில் பாகிஸ்தானுடன் இணைவதாக அறிவித்தார். மக்களில் பெரும்பான்மையோர் இந்துக்கள் ஆதலால் எதிர்ப்பு வலுத்தது. அக்டோபரில் குடும்பத்துடன் கராச்சிக்குச் சென்றார். நவம்பர் 9 அன்று இந்திய அரசு நிருவாகத்தை ஏற்றது. 1948 பிப்ரவரியில் நடந்த பொதுவாக்கெடுப்பில் பாகிஸ்தானுக்கு ஆதரவாக 91 வாக்குகளே கிடைத்தன. நவாப் நாடு திரும்பாமலே கராச்சியில் காலமானார். கிர் காடு 1965 இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.