அபிஸீனியா தந்த தக்காண வீரர்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடத்தில் உருவாகும் லாரிகள் 2013-ஆம் வருஷத்திலேயே கென்யாவுக்குக் கப்பலேறத் தொடங்கின. அந்தக் கென்யாவுக்கு வடக்கே, உயர்ந்த மலைகளின்மீது அமைந்திருக்கும் எதியோப்பியாவைப் பற்றி நம்மவர் அறிந்தது சொற்பம். பஞ்சம், ஓட்டப் பந்தயம் என்ற அளவில் நமது ஞானம் முடிந்துவிடுகிறது. ஆயினும் அபிஸீனியா என்று நம் முன்னோர் வழங்கிய அத்தேசத்து மைந்தர் ஒருவர், கால் நூற்றாண்டுக் காலம் நமது தக்காணத்தின் விதியைத் தம் கையில் வைத்திருந்தார். அவரே மாலிக் அம்பர்.

அவர் 1548-ஐ ஒட்டிப் பிறந்தவர். இளமையிலேயே அடிமையாக விற்கப்பட்டார். அதனால் அவர் பிறந்த நாட்டை அடிமை நாடென எண்ணுவது பெரும் பிழையாகும். அங்கே அக்ஸூம் அரசர்கள் நான்காம் நூற்றாண்டிலேயே பொன் நாணயம் அச்சிட்டனர். கீஸ் மொழிக்குச் சொந்த லிபி உண்டு. லாலிபேலாவில் மலையைக் குடைந்து பதினொரு தேவாலயங்களைச் செதுக்கினர். மாமல்லபுரத்தைக் கண்டவர்களுக்கு அவ்வேலையின் அருமையை நாம் விளக்க வேண்டுவதில்லை. டெஃப் என்னும் சிறு தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துத் தோசைபோல் வார்த்து உண்பது அவர்கள் வழக்கம். நாம் காலையில் விரும்பி அருந்தும் காப்பிக்கும் தாயகம் அதுவே! 1896-இல் அட்வாவில் இத்தாலியச் சைன்யத்தை முறியடித்ததும் அத்தேசமே. ஆனால் பதினாறாம் நூற்றாண்டில் அங்கு மூண்ட யுத்தங்களில் சிறைப்பட்டோர் பலர் செங்கடல் சந்தைகளில் விலைபோயினர்.

அம்பரும் அரபு நாடுகளில் கைமாறி, அகமதுநகரின் மந்திரி செங்கிஸ்கானிடம் வந்து சேர்ந்தார். அம்மந்திரியும் அடிமையாக வந்த ஹபஷியே. எஜமானர் இறந்தபின் விடுதலை பெற்ற அம்பர், குதிரை வீரராகத் தொடங்கிப் படைத்தலைவராக உயர்ந்தார்.

1600-இல் அகமதுநகர்க் கோட்டை முகலாயர் வசமாயிற்று. ராஜ்யம் முடிந்ததென்றே பலரும் எண்ணினர். அம்பர் அங்ஙனம் எண்ணவில்லை. நிஜாம்ஷாஹி வம்சத்து வாலிபர் ஒருவரை அரியணையில் அமர்த்தி, ஆட்சிப் பொறுப்பைத் தாம் ஏற்றார். மராட்டியக் குதிரை வீரரைத் திரட்டினார். நேருக்கு நேர் நின்று பொருதாமல், மலைகளில் மறைந்திருந்து உணவு வழிகளை அறுத்து முகலாயரை அலைக்கழித்தார். ஜஹாங்கீர் சக்கரவர்த்திக்கு அவர்மீதிருந்த ஆத்திரம் எத்தகையதெனில், அம்பரின் வெட்டுண்ட தலைமீது தாம் அம்பெய்வதாகச் சித்திரமே தீட்டச் செய்தார். களத்தில் கிட்டாத வெற்றியைச் சித்திரத்தில் தேடினார் போலும்! 1624-இல் பாத்வடியில் முகலாயரும் பிஜாப்பூராரும் ஒன்றுகூடி வந்தபோது, ஏரிக் கரையை உடைத்து அவர்களைச் சேற்றில் தத்தளிக்கச் செய்தார். அன்று அவர் பக்கம் நின்று போரிட்டவர்களுள் சிவாஜியின் தந்தையாகிய ஷாஹாஜியும் ஒருவர்.

வாளைவிட நீடித்தது அவருடைய நீர்ப்பணி. நிலங்களை ஆராய்ந்து வரியை ஒழுங்குபடுத்தியதோடு, 1610-இல் கட்கி என்ற தலைநகரை நிறுவி, மலை நீரை நிலத்தடிக் கால்வாய்களால் அந்நகருக்குக் கொணர்ந்தார்.

1626-இல், எண்பதை நெருங்கிய வயதில், அவர் காலமானார். குல்தாபாத்தில் அவரது சமாதி உள்ளது. ஏழே ஆண்டுகளில், 1633-இல், தௌலதாபாத் கோட்டையும் முகலாயரிடம் வீழ்ந்தது. கட்கி பின்னர் ஔரங்காபாத் ஆயிற்று. இப்போது ஷாஹாஜியின் பேரர் சம்பாஜியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.