ஜேம்ஸ் குரோல் சரிதம்

பொருளின்மையைக் கல்விக்குத் தடையென எண்ணிச் சோர்வுறும் நம் இளைஞர் பொருட்டு இச்சரிதத்தைச் சுருக்கி வரைகின்றோம்.

குரோல் 1821-ல் ஸ்காட்லாந்து தேசத்தில் எளிய குடியிற் பிறந்தார். இளமையிலேயே பள்ளி நீங்கி, ஆலை இயந்திரம் பழுதுபார்த்தும், தேயிலைக் கடை வைத்தும், ஒன்றிலும் நிலைபெறாது இன்னலுற்றார். 1859-ல் கிளாஸ்கோ நகரத்து ஆண்டர்சன் கலாசாலையிற் சேவகராக அமர்ந்தார். அங்கிருந்த புத்தகசாலையே அவருக்குப் பெருநிதியாயிற்று.

பனிப்பாறைகள் விட்டுச்சென்ற களிமண் படைகளினிடையே, வெப்பக் காலத்துத் தாவர எச்சம் பொதிந்த படைகளும் உள. ஆகவே பனியூழி பன்முறை வந்து போயிற்றென்பது புலனாம். இதன் காரணத்தை அவர் வானிலே நாடினார். பூமியின் நீள்வட்டப் பாதை நெடுங்காலத்தில் வடிவு மாறும். குளிர்கால வெயில் குறையுங்கால் பனி மிகும். வெண்பனி வெயிலைத் திருப்பிவிடவே குளிர் மேலும் பெருகும் என விளக்கினார். 1867-ல் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகா அவரை ஏற்றது. 1876-ல் ராயல் சங்கம் அங்கத்தினராக்கிற்று.

பனியூழி 80,000 ஆண்டுகட்கு முன் முடிந்ததென்ற அவர் கணக்கு பிழையாயிற்று. 1890-ல் அவர் மறைந்தபின் கொள்கையும் மங்கிற்று. பின்வந்த மிலான்கோவிச், கோடை வெயிலே முக்கியமெனத் திருத்தினார். பாதை மாற்றமே பனியூழிகளின் காலத்தை வகுத்ததென்பதை 1976-ல் ஆழ்கடற் சேற்றுப் படைகள் காட்டின.

சேவகர் ஒருவரை அறிஞராக்கியது திறந்திருந்த ஒரு புத்தகசாலை. நம் ஊர்தோறும் அத்தகையதொன்று அமைக்க அன்பர்கள் முயல்வாராக.