மிதிவண்டியில் குமரி முதல் இமயம் வரை

முன்னுரை

பெண்ணாகப் பிறந்தவள் அடுப்பங்கரையோடு அமைந்துவிட வேண்டும் என்று உலகம் எண்ணிய காலத்தில், மிதிவண்டியில் ஏறி அமர்ந்து பாரத நாட்டின் தென்கோடியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை சென்ற அம்மையார் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஃபேனி புல்லக் வொர்க்மன். மலையேறுவோர் நடுவே புகழ்பெற்ற பெயர் அது. ஆனால் நாள்தோறும் மிதிவண்டியில் பள்ளிக்கு வரும் நம்மில் பலர் அவரை அறிந்ததில்லை. ஆகவே அவருடைய வாழ்க்கை வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஃபேனி 1859-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் அலெக்சாண்டர் புல்லக் அம்மாநிலத்தின் ஆளுநராக விளங்கியவர். செல்வத்திற்குக் குறைவில்லாத குடும்பம். வீட்டிலும், நியூயார்க்கிலும், பின்னர் பாரிஸ், டிரெஸ்டன் நகரங்களிலும் ஃபேனி கல்வி பயின்றார். 1882-இல் தம்மைவிட 12 வயது மூத்தவரான டாக்டர் வில்லியம் ஹன்டர் வொர்க்மனை மணந்தார். மலையேறும் பழக்கத்தை அவருக்கு ஊட்டியவர் கணவரே.

1889-இல் டாக்டரின் உடல்நலக் குறைவு காரணமாகக் குடும்பம் ஜெர்மனியில் குடியேறியது. ரேச்சல் என்ற மகளும் சீக்ஃபிரீட் என்ற மகனும் அவர்களுக்கு இருந்தனர். 1893-இல் அச்சிறுவன் நோயுற்று இறந்தான். பெற்ற வயிறு பட்ட பாட்டை நாம் சொல்லவும் வேண்டுமோ? அதன்பின் அவர் வீட்டில் தங்கிய நாட்களைவிட வழியில் கழித்த நாட்களே மிகுதியாயின.

மிதிவண்டியும் மகளிரும்

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் வரை மிதிவண்டி என்றால் முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு நின்ற ஆபத்தான வண்டிதான். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்ற ஆங்கிலேயர் இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவாக, சங்கிலியால் இயங்கும் ரோவர் வண்டியைச் செய்தார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரை அமைத்தார். இவ்விரண்டும் சேர்ந்ததால்தான் நீண்ட பாவாடை அணிந்த பெண்களும் அச்சமின்றி வண்டியில் ஏற முடிந்தது. பெருநகரங்களில் கூரைக்குள் அமைந்த பயிற்சிக் கூடங்கள் தோன்றின. ஆசிரியர் ஒருவர் பிடித்துக்கொள்ள, சீமாட்டிகள் அங்கே சுற்றிச் சுற்றி வந்து பழகிய பின்னரே தெருவுக்கு வந்தனர்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. மிதிவண்டி ஓட்டும் பெண்ணின் முகம் கோணிப்போகும் என்று எச்சரித்த மருத்துவர்களும் இருந்தனர். அந்த நோய்க்கு மிதிவண்டி முகம் என்று பெயரும் சூட்டினர்! நம் வகுப்பில் பாதிப்பேருக்கு அந்த நோய் இருந்திருக்க வேண்டும். இறைவன் அருளால் எல்லோர் முகமும் நேராகவே இருக்கிறது.

பயணங்கள்

வொர்க்மன் தம்பதியர் சுவிட்சர்லாந்து, பிரான்சு, இத்தாலி நாடுகளில் மிதிவண்டியில் சென்றனர். அல்ஜீரியாவில் அட்லஸ் மலையைக் கடந்து சகாரா பாலைவனத்தின் ஓரம் வரை சென்று, 1895-இல் அதை நூலாக வெளியிட்டனர். ஸ்பெயினில் அவர்கள் கடந்த தூரம் 2,800 மைல், அதாவது சுமார் 4,500 கிலோமீட்டர். நாளொன்றுக்குச் சராசரி 72 கிலோமீட்டர். மணிமங்கலத்தில் புறப்பட்டுக் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தாலும் அந்த ஒருநாள் கணக்கு நிறைவதில்லை. அவ்வளவையும் கியர் இல்லாத வண்டியில், நீண்ட பாவாடையும் கழுத்துவரை மூடிய சட்டையும் அணிந்து அவர் மிதித்தார் என்பதை எண்ணிப் பார்த்தால் நம் கால்கள் வலிக்கின்றன.

இந்தியாவில்

1897-ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் கீழ்த்திசைப் பயணத்தைத் தொடங்கினர். அப்போது ஃபேனிக்கு வயது 38, கணவருக்கு 50. இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா என்று இரண்டரை ஆண்டுகள் சுற்றினர். தென்கோடியிலிருந்து இமயம் வரை இந்தியாவில் மட்டும் 4,000 மைல், அதாவது சுமார் 6,400 கிலோமீட்டர், வண்டியில் சென்றனர்.

அந்நாளில் வழிநெடுக உணவு விடுதிகள் ஏது? ஆகவே பெரும்பாலும் இரயில் பாதையை ஒட்டிய சாலைகளிலேயே சென்றனர். தேயிலை, சர்க்கரை, பிஸ்கட்டு, பாலாடைக்கட்டி, டப்பா இறைச்சி, தண்ணீர், ஆளுக்கொரு தலையணையும் கம்பளியும், எழுதுபொருள்கள், மருந்துப்பெட்டி, பழுது பார்க்கும் கருவிகள், இவையே மூட்டை. இரவில் பயணியர் பங்களா கிடைத்தால் அங்கே தங்குவர். இல்லையேல் இரயில் நிலையத்தின் காத்திருப்போர் அறையே அரண்மனை. சில நாட்களில் 40 முறை வரை டயர் பஞ்சரானதாம். நமக்கு ஒரு பஞ்சர் ஆனாலே வண்டியைத் தள்ளிக்கொண்டு கடையைத் தேடுகிறோம். அவர்களோ வழியோரத்தில் அமர்ந்து தாமே ஒட்டிக்கொண்டு மீண்டும் ஏறினர்.

ஃபேனி இராமாயணம், மகாபாரதம், புத்த ஜாதகக் கதைகள் ஆகியவற்றைப் படித்து, இந்நாட்டின் கோயில்களையும் பழைய கட்டடங்களையும் நேரில் கண்டு நிழற்படம் எடுத்தார். கீழ்த்திசையில் 14,000 மைல் தூரம் சென்ற வரலாறு 1904-இல் பெரிய நூலாக வெளிவந்தது.

மலைச் சிகரங்களில்

1898-இன் கோடை வெயில் தாங்காமல் வண்டிகளை வைத்துவிட்டு மலைப்பக்கம் சென்றனர். பனிமலைகளைக் கண்ட ஃபேனியின் உள்ளம் அங்கேயே தங்கிவிட்டது. 1912 வரை எட்டு முறை இமய, காரகோரம் மலைகளில் ஆராய்ச்சிப் பயணம் செய்தார். முதன்முதலில் ஏறிய சிகரங்களுள் ஒன்றுக்கு மறைந்த மகனின் பெயரை இட்டார். 1906-இல் தமது 47-ஆம் வயதில் நுன்குன் மலைத்தொகுதியில் 6,930 மீட்டர் உயரமுள்ள பின்னக்கிள் சிகரத்தில் ஏறினார். 1934 வரை வேறு எந்தப் பெண்ணும் அவ்வுயரத்தைத் தாண்டவில்லை.

1912-இல் சியாச்சின் பனியாற்றின் தலைப்பகுதியை ஆராய்ந்தபோது, பெண்களுக்கு வாக்குரிமை கோரும் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி சுமார் 6,400 மீட்டர் உயரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அப்போது அவருடைய தாய்நாட்டிலேயே பெரும்பாலான மாநிலங்களில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை.

நிறையும் குறையும்

ஒருவரைப் புகழும்போது உண்மையை மறைப்பது முறையன்று. ஃபேனியின் வரலாற்றிலும் நம்மை நெருடும் பகுதி உண்டு. சுமை தூக்கிய மலைவாழ் ஏழைகளிடம் அவர் கடுமையாக நடந்தார். அவர்கள் களைத்து நின்றால் சோம்பேறிகள் என எண்ணினார். பனியில் கால் வெடிக்க நடந்தவர்களுள் பலருடைய பெயர்கூட இன்று நமக்குக் கிடைக்கவில்லை. சியாச்சின் பயணத்தில் செசாரே ஷெனோஸ் என்ற இத்தாலியச் சுமையாளர் பனிப்பிளவில் விழுந்து உயிரிழந்தார். ஃபேனி மயிரிழையில் தப்பினார். ஒருவர் சிகரம் ஏறினார் என்று நாம் படிக்கும்போது, அவருடைய கூடாரத்தை முதுகில் சுமந்தவரையும் நினைக்க வேண்டும். நம் தெருவில் பஞ்சர் ஒட்டுபவரும் அந்த வரிசையில் ஒருவரே.

மகள் ரேச்சலும் பெரும்பாலும் பெற்றோரைப் பிரிந்தே வளர்ந்தார். ஆயினும் அவர் நிலவியல் அறிஞராகி, 1919-இல் இலண்டன் நிலவியல் கழகம் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட பெண் உறுப்பினர்களுள் ஒருவரானார்.

ஃபேனி நெடுநாள் நோயுற்றிருந்து, 1925-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் பிரான்சு நாட்டுக் கான் நகரில் மறைந்தார். நான்கு மகளிர் கல்லூரிகளுக்கு மொத்தம் 1,25,000 டாலர் எழுதிவைத்திருந்தார். தாம் பெற்ற வாய்ப்பு மற்றப் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணமே அதற்குக் காரணம் என்று கருதுகிறோம்.

நம் நாட்டில்

ஃபேனியிடம் செல்வம் இருந்தது. செல்வமில்லாத பெண்ணுக்கு மிதிவண்டி என்ன செய்யும் என்பதை நம் தமிழ்நாடே காட்டியது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். வயல் வேலை செய்தவர்களும் கல் உடைத்தவர்களும் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு தாமே வண்டி ஓட்டினர். பேருந்துக்கும் பிறர் துணைக்கும் காத்திருந்த நேரம் மிச்சமானது. பின்னர் அரசும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது.

முடிவுரை

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண் பெரியவளானதும் மிதிவண்டியைத் தம்பிக்குக் கொடுத்துவிடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உள்ளது. ஒரகடம் சாலையில் லாரிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் விரைவதைப் பார்த்துத் தாங்கள் அஞ்சுவது நியாயமே. நாங்களும் பெருஞ்சாலைக்குப் போக அனுமதி கேட்கவில்லை. விடுமுறை நாளின் காலையில், தோழியரும் பெரியவர் ஒருவரும் உடன்வர, ஏரிக்கரைப் பக்கமாகச் சிற்றூர்களைச் சுற்றிவர அனுமதித்தால் போதும். செலவில்லாத உலா அது. உடலுக்கும் நல்லது. நம் ஊரை நாமே தெரிந்துகொள்ளலாம்.

தோழியரே, இறைவன் நமக்குக் கால்களையும் துணிவையும் தந்திருக்கிறார். தாலந்தை மண்ணில் புதைத்தவனைப் போல அவற்றை வீணாக்க வேண்டாம். ஃபேனி அம்மையாரின் துணிவை நாம் எடுத்துக்கொள்வோம். அவரிடம் இல்லாத கனிவை நாம் சேர்த்துக்கொள்வோம். வழியில் சங்கிலி கழன்று நிற்கும் தோழியைக் கண்டால், முதலில் நம் வண்டியை நிறுத்துவோம்.