ஆசாரிய ஜகதீச சந்திர வஸு

கம்பியில்லாத் தந்தியை முதலில் கண்டவர் யார் என்ற பேச்சு எழுந்தால், நம் நாட்டில் உடனே இரண்டு கட்சிகள் ஏற்பட்டுவிடுகின்றன. மார்க்கோனிதான் என்று பாடப்புத்தகத்தை நீட்டுகிறவர்கள் ஒரு கட்சி. வங்காளத்து ஜகதீச சந்திர வஸுவின் கண்டுபிடிப்பை மார்க்கோனி கவர்ந்துகொண்டு போனார் என்று மேடையில் முழங்குகிறவர்கள் மற்றொரு கட்சி. ஆங்கில வழக்கில் ஸர் ஜே. ஸி. போஸ் என்று வழங்கப்பெறும் அந்த மேதையைப் பற்றி இவ்விரு கட்சியாரும் அறிந்தது சொற்பமே என்பது நமது எண்ணம். முதற் கட்சியார் அவருக்கு உரியதைக் கொடுக்கவில்லை. இரண்டாம் கட்சியாரோ அவருக்கு உரியதல்லாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, உரியதை மறந்துவிட்டார்கள். தேசத்தின் பெயரால் பேசுகிறவர்கள் தேசத்தின் கணக்கைப் பிழையின்றி வைத்திருக்க வேண்டாமா? மின்சார அலைகளை மேஜைமேல் வைக்கத்தக்க சிறு கருவிகளுக்குள் அவர் அடக்கிய வரலாற்றைப் பிரதானமாகக் கொண்டு, அவருடைய சரித்திரத்தை இங்கே சொல்ல முற்படுகிறோம்.

1858-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி, இப்போது வங்காள தேசத்தைச் சேர்ந்ததாயுள்ள மைமன்சிங்கில் ஜகதீசர் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர வஸு, பரீத்பூரில் டிப்டி மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் தம் குழந்தைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்புவதே கௌரவம் என்று கருதிய அக்காலத்தில், அவர் தம் புதல்வரைத் தாய்மொழிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். வகுப்பில் ஜகதீசருக்கு ஒரு பக்கம் தந்தையாரின் முஸ்லிம் சேவகருடைய மகன்; மறுபக்கம் ஒரு செம்படவரின் மகன். பறவைகளையும் நீர்வாழ் பிராணிகளையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆசையைத் தமக்கு ஊட்டின என்று அவர் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்ததுண்டு.

கல்கத்தா ஸெயிண்ட் ஸேவியர் கலாசாலையில் லாபோன் பாதிரியாரிடம் பௌதிகம் பயின்றார். 1880-ல் வைத்தியம் படிக்க லண்டன் சென்றார். ஏற்கெனவே பற்றியிருந்த காய்ச்சல் விடாது வருத்தியதால் அப்படிப்பைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் சேர்ந்து, ராலே பிரபுவிடம் பாடம் கேட்டு, 1884-ல் பட்டம் பெற்றார்.

1885-ல் கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் அவருக்குப் பௌதிகப் பேராசிரியர் பதவி கிடைத்தது எளிதில் அன்று. வைஸிராய் ரிப்பன் பிரபுவின் சிபார்சு இருந்தும், கல்வி இலாகாவின் தலைவரும் கலாசாலைத் தலைவரும் அதை விரும்பவில்லை. ஸயன்ஸ் போதிக்க இந்தியனுக்குத் தகுதி ஏது என்பது அக்காலத்து வெள்ளை அதிகாரிகளின் சித்தாந்தம். வேறு வழியின்றிப் பதவியைக் கொடுத்தவர்கள் சம்பளத்தில் கைவைத்தார்கள். அதே வேலைக்கு வெள்ளையர் பெறும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு விதி. பதவி தற்காலிகம் என்று காரணம் காட்டி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். ஆக, மூன்றில் ஒரு பங்கு.

ஜகதீசர் மனு எழுதிக்கொண்டிருக்கவில்லை. வேலையை விட்டுப் போகவும் இல்லை. ஒவ்வொரு மாதமும் சம்பளத்தைத் தொட மறுத்து, ஒரு நாளும் தவறாமல் வகுப்புக்குச் சென்று பாடம் நடத்தினார். ஒரு மாதமோ இரண்டு மாதமோ அன்று, மூன்று ஆண்டுகள்! அப்போது குடும்பம் செல்வத்தில் மிதக்கவில்லை. தந்தையார் சுதேசித் தொழில்களில் பணத்தைப் போட்டுக் கடனாளியாகியிருந்தார். முடிவில் அதிகாரிகளே இறங்கிவந்து, பதவியை ஸ்திரப்படுத்தி, முதல் நாளிலிருந்து முழுச் சம்பளத்தையும் ஒருசேரக் கொடுத்தார்கள். அத்தொகை தந்தையாரின் கடனுக்குப் போயிற்று. ஒத்துழையாமை என்ற சொல் நம் அரசியலில் வழங்குவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்னரே, கரும்பலகையின் முன் நின்றுகொண்டு ஒருவர் அதை நடத்திக் காட்டியிருக்கிறார்.

அந்த வறுமைக் காலத்தில், 1887-ல், அவர் மணந்துகொண்ட ஸ்ரீமதி அபலா நம் சென்னைக்கு அந்நியர் அல்லர். கல்கத்தா மருத்துவக் கலாசாலை பெண்களைச் சேர்க்க மறுத்த நாளில், அவர் வங்காள சர்க்காரின் உபகாரச் சம்பளத்துடன் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர். தேக அசௌக்கியத்தால் படிப்பை முடிக்காமல் திரும்ப நேர்ந்தது.

இனி அலைகளின் விஷயத்துக்கு வருவோம். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 1887, 1888 ஆண்டுகளில் மின்பொறியிலிருந்து அலைகள் எழுந்து வெளியில் பரவுகின்றன என்றும், அவையும் ஒளியும் ஒரே ஜாதி என்றும் நிரூபித்தார். அவர் எழுப்பிய அலைகள் பல மீட்டர் நீளமுள்ளவை. மிகச் சிறியதே ஏறக்குறைய 60 செண்டிமீட்டர். ஒளியைப்போல் இவையும் வளைகின்றனவா என்று பார்க்க அவர் கீலில் வார்த்த முப்பட்டகம் ஒன்றரை மீட்டர் உயரம் இருந்தது. அலை பெரிதானால் கருவியும் பெரிதாகத்தான் வேண்டும்.

மொட்டைமாடியில் மூங்கில் நட்டு ரேடியோவுக்கு ஏரியல் கட்டிய காலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது கடினமன்று. அலையை வெளியில் வீசும் கம்பியும் அதைப் பற்றும் கம்பியும் அலையின் நீளத்தில் பாதியாவது, கால் பங்காவது இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். 300 மீட்டர் அலைக்குப் பாதி என்றால் 150 மீட்டர். எந்தக் கோயில் கோபுரமும் அவ்வளவு உயரமில்லை. கம்பியை மட்டும் குட்டையாக்கி அலையை நீளமாகவே விட்டால், ஊட்டிய மின்சக்தியில் பெரும்பகுதி அலையாக வெளியேறாமல் கம்பியிலேயே சூடாகி வீணாகும். ஆனால் அலையையே சுருக்கிவிட்டால்? கம்பி தானே சுருங்கும். கண்ணாடி, வில்லை, முப்பட்டகம் யாவும் அதனுடன் சுருங்கும். இவ்வழியை மற்றெல்லாரினும் தூரம் சென்று பார்த்தவர் ஜகதீசர். இதுவே அவருக்கு உரியது என்று நாம் சொல்வது.

1894-ல், ஹெர்ட்ஸின் வேலையைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் எழுதியதைப் படித்து அவர் உள்ளம் கிளர்ந்தது. தமது முப்பத்தாறாவது பிறந்த தினத்தன்று, எஞ்சிய வாழ்நாளை ஆராய்ச்சிக்கே செலவிடுவதென்று உறுதி பூண்டார். கலாசாலையில் ஆராய்ச்சிசாலை என்று ஒன்று கிடையாது. குளியலறையை அடுத்திருந்த ஒரு சிறு இடமே ஆராய்ச்சிசாலையாயிற்று. எழுத்தறியாத ஒரு தகர வேலைக்காரரே கருவி செய்யும் நிபுணரானார். இடம் போதாமையால்தான் கருவி சிறியதாயிற்று என்று சிலர் எழுதுவதை நாம் ஒப்புவதற்கில்லை. அலை சிறியதானால் ஒளியின் குணங்களை அதில் நுட்பமாக அளக்கலாம் என்ற யோசனையே முன்னின்றது. நீண்ட அலைகள் மூலைமுடுக்கெல்லாம் வளைந்து புகுந்து அளவையைக் கெடுத்துவிடும். சிற்றலைகளோ ஒரு கற்றையாய் நேர்வழி செல்லும்.

அவர் எழுப்பிய அலைகள் இரண்டரை செண்டிமீட்டரிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் வரை நீளமுள்ளவை. ஐந்து மில்லிமீட்டர் அலை என்றால் வினாடிக்கு ஆறாயிரம் கோடி அதிர்வுகள். இரண்டு உலோகக் கிண்ணங்களுக்கு நடுவே ஒரு சிறு குண்டு. இருபுறமும் பொறி பறக்கும். பொறி பட்டுப் பட்டுக் குண்டின் முகம் சொரசொரப்பானால் அலை கெடும் என்று கண்டு அதற்குப் பிளாட்டினம் பூசினார். பொறியை உண்டாக்கும் சுருளும் மின்கலமும் ஓர் உலோகப் பெட்டிக்குள் அடங்கின. ஒரு முறை பொத்தானை அழுத்தினால் ஒரே ஒரு வீச்சு அலை வெளியேறும்.

அலை வெளிவருவதற்குக் கம்பிக்குப் பதில் ஒரு குழாய் வைத்தார். பெறும் கருவியின் வாயிலில் நாற்கோண வடிவான புனல் ஒன்றைப் பொருத்தினார். வெறும் குழாயின் விளிம்பில் வந்து முட்டும் அலையில் ஒரு பகுதி திரும்பி உள்ளேயே போய்விடும். வாயைச் சிறிது சிறிதாக அகலப்படுத்தினால் அலை தடையின்றி வெளியேறி ஒரு திசையிலே செல்லும், வரும் அலையும் அப்படியே திரட்டப்பட்டு உட்செல்லும். இவ்விதப் புனலின் வாய் அலையின் நீளத்தைப்போல் சில மடங்கு அகலமிருக்க வேண்டும். 300 மீட்டர் அலைக்கு இப்படி ஒன்று கட்ட முற்பட்டால் ஓர் ஊரே போதாது. ஜகதீசரின் அலைக்கோ கையளவு தகடு போதும்.

அக்காலத்தார் அலையை அறியப் பயன்படுத்திய இரும்புத் தூள் குழாய் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. வங்காளத்தின் ஈரக்காற்றில் துருவும் ஏறும். அவர் தூளை நீக்கிவிட்டு, மெல்லிய எஃகுச் சுருள்களை வரிசையாக அடுக்கி, திருகாணியால் அவற்றின் நெருக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தார். சணல் கட்டையும், ஏடுகளுக்கிடையே ஈயத்தகடு செருகிய ரெயில்வே காலக்குறிப்புப் புத்தகத்தையும் அலையின் வழியில் வைத்து, அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்று பிரித்துக் காட்டினார். 1895 மே மாதம் வங்காள ஆசியக் கழகத்தில் முதற் கட்டுரை வாசிக்கப்பட்டது; 1896-ல் லண்டன் ஸர்வகலாசாலை டாக்டர் பட்டம் அளித்தது.

1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில், மாகாண லெப்டினெண்ட் கவர்னர் முன்னிலையில், சுவர்களைக் கடந்து சென்ற அலை, தொலைவிலிருந்த அறையில் மணியடித்து வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. 1897 ஜனவரி 29-ந் தேதி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் நிகழ்த்திய பிரசங்கத்தின்போது, அந்தச் சிறு கருவிகள் யாவும் சபையோரின் கண்ணெதிரே ஒரு மேஜையின்மேல் இருந்தன.

அந்த வருஷங்களில் மார்க்கோனி சென்றது நேர் எதிர்த்திசை. அவருக்கு வேண்டியது தூரம். கடலைக் கடந்து தந்தி செல்ல வேண்டும், காசு வர வேண்டும். அதற்கு அலையை நீட்டி நீட்டிக்கொண்டே போனார். 1901-ல் இங்கிலாந்தின் போல்டூவில் 200 அடி உயரத்தில் வட்டமாக இருபது கம்பங்கள் நட்டார். செப்டம்பர் மாதப் புயலில் அவை சாய்ந்தன. வேறு கம்பங்கள் நட்டு டிசம்பர் 12-ந் தேதி அட்லாண்டிக் கடலைத் தாண்டிய குறியைக் கேட்டார். இரும்புக்கும் பாதரசத்துக்கும் இடையே இயங்கும் அலையறி கருவியைப் பற்றி 1899-ல் ராயல் ஸொஸைட்டியில் ஜகதீசர் வெளியிட்டிருந்தார். கடலைத் தாண்டிய குறியைக் கேட்க உதவியதும் பாதரசக் கருவியே; இத்தாலியக் கடற்படையைச் சேர்ந்த ஸோலாரியின் மூலம் மார்க்கோனி அதைப் பெற்றார். அது ஜகதீசருடைய கருவியின் வழிவந்ததே என்று 1998-ல் ஒரு வங்காள ஆராய்ச்சியாளர் விரிவாக வாதித்திருக்கிறார். அவ்வாதத்தில் பலம் உண்டு. எனினும், கடல் கடந்த தந்தியை வியாபாரமாக்கியவர் மார்க்கோனி என்பதும், ஜகதீசர் அதை நாடவேயில்லை என்பதும் உண்மையே. திருட்டுப் பழியை உரக்கச் சொன்னால்தான் நம்மவரின் கீர்த்தி நிற்கும் என்று எண்ணுவது நம்மவரையே குறைத்து மதிப்பதாகும்.

1901 மே மாதம் லண்டனில் ஒரு தந்திக் கம்பெனியின் முதலாளி பேடண்டுப் பத்திரத்துடன் அவரை நாடி வந்தார். வருமானத்தில் பாதி தருவதாகச் சொல்லியும் ஜகதீசர் இணங்கவில்லை. அறிவை விலைபேசும் பேராசையைக் கண்டு வருந்தி ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதம் எழுதினார். ஸகோதரி நிவேதிதையும், அமெரிக்க மாது ஸாரா புல்லும் வற்புறுத்தியதால், காலினா என்னும் ஈயத் தாதுக் கல்லைக்கொண்டு அலையை அறியும் கருவிக்கு மட்டும் அமெரிக்காவில் மனுச் செய்யப்பட்டது. 1904 மார்ச் 29-ந் தேதி பேடண்டு கிடைத்தது. அதை அவர் பயன்படுத்தவேயில்லை.

இத்தியாகத்தை வணங்குகிறோம், எனினும் அதைப் பற்றி நமக்கு ஒரு குறையும் உண்டு. பேடண்டை மறுத்தவர், அந்தச் சிற்றலை வேலையைத் தொடர்ந்து நடத்தச் சீடர் குழாம் ஒன்றையாவது விட்டுச் சென்றிருக்கலாம். 1900-க்குப் பின் அவர் சிந்தை செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்வதில் சென்றுவிட்டது. கல்கத்தாவில் ரேடியோ ஆராய்ச்சி மீண்டும் தழைக்க, 1920-க்குப் பின் சிசிர குமார் மித்ரர் ஸர்வகலாசாலையில் அதைத் தொடங்க வேண்டியிருந்தது. அதுவும் வேறு வழியில் சென்றது. பத்தாண்டுக்கு மேல் ஆராய்ச்சிசாலை கொடாத அந்நிய சர்க்கார் இக்குறையில் பெரும் பங்கை ஏற்கத்தான் வேண்டும். முழுப் பங்கையும் என்று நாம் சொல்லமாட்டோம்.

செடிகளைப் பற்றிய அவருடைய முடிவுகளில் பல இன்றும் விவாதத்துக்குரியவை. 1915-ல் உத்தியோகத்திலிருந்து விலகி, 1917 நவம்பர் 30-ந் தேதி கல்கத்தாவில் வஸு ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். அவ்வாண்டே ஸர் பட்டமும், 1920-ல் ராயல் ஸொஸைட்டியின் அங்கத்தினர் பதவியும் வந்தன. 1937 நவம்பர் 23-ந் தேதி கிரிதியில் காலமானார்.

அதற்குள் காலம் அவர் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. பெரிய அலைகளின் அரசரான மார்க்கோனியே சிற்றலைக்கு வந்து, ஒரு திசை நோக்கி வீசும் முறையில் 1926-ல் கனடாவுக்கும் 1927-ல் இந்தியாவுக்கும் தந்திப் போக்குவரத்தை ஏற்படுத்தினார். அவற்றின் அலைகளும் பத்து மீட்டருக்கு மேற்பட்டவையே. செண்டிமீட்டர் அலைகளுக்கு உலகம் வந்து சேர்ந்தது 1930-க்குப் பின். குழாயும் புனலும் அமெரிக்க ஆராய்ச்சிசாலைகளில் அப்போது புதிதாகக் கண்டதுபோல் மீண்டும் பிறந்தன. இரண்டாம் உலக யுத்தத்தில் ராடார் கருவிகளில் அமர்ந்தன. 1990-க்குப் பின் அமெரிக்காவின் கிட் சிகரத்தில், 1.3 மில்லிமீட்டர் அலையில் வானத்தை நோக்கும் தொலைநோக்கிக்குக் கருவி அமைத்தவர்கள், ஜகதீசர் 1897-ல் இரட்டை முப்பட்டகங்களைக்கொண்டு செய்த பரிசோதனையிலிருந்து வழி எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார்கள். 2012-ல் பிரஸிடென்ஸி கலாசாலையில் மின்பொறியாளர்களின் சர்வதேச சங்கம் பதித்த நினைவுக்கல், கம்பியில்லாத் தந்தியைக் கண்டவர் என்று அவரைக் கூறவில்லை. 1894 முதல் 1896 வரை மில்லிமீட்டர் அலையில் முதன்முதலாகச் செய்தித் தொடர்புப் பரிசோதனை நடத்தியவர் என்றே கூறுகிறது. கைபேசிகளின் ஐந்தாம் தலைமுறைக்காக 2022-ல் இந்திய சர்க்கார் ஏலம் விட்ட அலைவரிசைகளில் ஒன்று, பிரஸிடென்ஸி கலாசாலையின் அந்தச் சிற்றறையில் அவர் எழுப்பிய அலைகளின் எல்லைக்குள்ளேயே அடங்குகிறது.