குழுச் சோதனை கண்ட டார்ஃப்மன்

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படைக்கு இலட்சக்கணக்கான இளைஞர்கள் அழைக்கப்பட்டனர். அவர்களுள் மேகநோய் உடையோரைக் கண்டறிய, ஒவ்வொருவர் குருதியும் தனித்தனியே சோதிக்கப்பட்டது. நோயுற்றோரோ மிகச் சிலர். ஏனைய சோதனைகளெல்லாம் நோயில்லை என்றே முடிந்தன. அச்செலவைக் குறைக்கும் வழியைக் கணிதத்தில் கண்டவர் இராபர்ட் டார்ஃப்மன்.

அவர் 1916இல் நியூயார்க் நகரில் பிறந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று 1937இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1943இல் வெளிவந்த அவரது கட்டுரையின் கருத்து எளியது. பலருடைய குருதியில் சிறிது சிறிது எடுத்து ஒன்றாகக் கலந்து சோதிக்க வேண்டும். நோய் இல்லையெனில் அக்குழுவினர் அனைவரும் நலமுடையோர். நோய் தென்பட்டால் மட்டும் அக்குழுவினரைத் தனித்தனியே சோதித்தால் போதும்.

ஆயிரம் பேருள் பத்துப் பேர் நோயுற்றோர் எனக் கொள்வோம். பத்துப் பேருக்கு ஒரு குழுவாக 100 சோதனைகள் தேவை. நோயுற்ற பதின்மரும் வெவ்வேறு குழுக்களில் இருப்பினும் மேலும் 100 சோதனைகளே வேண்டும். ஆயிரம் சோதனைகள் இருநூறாகக் குறைகின்றன.

எனினும், கலவையில் ஒருவரது நோயின் தடயம் நீர்த்துப்போய்க் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். நோய் மிகுந்துவிட்டாலோ பெரும்பாலான குழுக்களை மீண்டும் சோதிக்க நேரும். போர்க்காலத்தில் அம்முறை நடைமுறைக்கு வரவில்லை. டார்ஃப்மன் பொருளியலுக்குத் திரும்பினார். 1950இல் முனைவர் பட்டம் பெற்று, 1955 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். சிந்துச் சமவெளியில் நீர் தேங்கி உவர்நிலமான வயல்களை மீட்கும் ஆய்விலும் பங்கேற்றார். 2002இல் மறைந்தார்.

அவரது எண்ணம் மறையவில்லை. மதுரை தல்லாகுளத்தை அடுத்த சின்ன சொக்கிகுளத்தில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தின் அறிஞர்கள், நெல்வயல் சூழ்ந்த ஊர்களில் பிடித்த கொசுக்களை ஐம்பது வரை ஒரு தொகுதியாக்கி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நச்சுயிரியைத் தேடினர். அங்கே எந்தக் கொசு என்பது வினாவன்று. ஆயிரத்துக்கு எத்தனை என்பதே வினா. நச்சுயிரி காணப்பட்ட தொகுதிகளின் எண்ணிக்கையே அவ்வளவை மதிப்பிட உதவியது.

2020இல் கொரோனா பரவியபோது, ஆய்வுப் பொருள்கள் போதாமல் மருத்துவத்துறை திணறியது. நோய் குறைந்த பகுதிகளில் ஐந்து மாதிரிகள் வரை சேர்த்துச் சோதிக்கலாம் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு அறிவுறுத்தியது. ஓர் இளைஞர் இட்ட கணக்கு, எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னும் மக்களுக்குப் பயன்பட்டது.