தொரப்பள்ளி தந்த தலைவர்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் தோன்றியவர் இராஜகோபாலாச்சாரியார். சேலத்தில் வக்கீலாய்ப் பெரும்பொருள் ஈட்டியவர், காந்தியடிகளைப் பின்பற்றி அத்தொழிலைத் துறந்தார்.

1937-இல் சென்னை மாகாணப் பிரதம மந்திரியானதும், அந்நாளில் நம் சிங்காரப்பேட்டையையும் தன்னுட்கொண்டிருந்த சேலம் ஜில்லாவிலேயே முதற்கண் மதுவிலக்கை நாட்டினார். அதனாற் குறைந்த வருவாய்க்கு ஈடாக 1939-இல் விற்பனை வரி விதித்தார். குடியால் நலிந்த எளியோர் இல்லங்களை எண்ணுங்கால் இஃது அருஞ்செயலேயாம்.

1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதைத் தமிழ் பயிலும் நாம் ஏற்கிலோம். எனினும், முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கைக்கு இணங்கவேண்டுமெனத் தாம் கொண்ட கருத்தின்பொருட்டு 1942-இல் காங்கிரஸையும் சட்டசபை ஸ்தானத்தையும் துறந்த அவர்தம் நெஞ்சுரத்தை வியவாதிருத்தல் இயலுமோ?

1948-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாய் உயர்ந்த அப்பெரியார், 1972-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று மறைந்தார். பதவியினும் மனச்சான்றே பெரிதென்பதை நாம் அவர்பாற் கற்போமாக.